ஏணியோடு மூடிய குழி

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எங்கள் கொல்லையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். நானும் அண்ணனும் கேட்டால் சொல்வோம். மூன்றாவது ஆளான பொக்லைன் ஆபரேட்டர் சொல்லமாட்டார். பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

பேய் என்றால் இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இது மத்தியானம் ஒன்று இருபத்திரண்டுக்கு நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

நேரமெல்லாம் அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை. அது இரண்டு நிமிஷம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான். அம்மாவுக்கு வீட்டிலேயே தையல் வேலை. அண்ணன் கடைகளுக்குச் சரக்கு போடும் வேன் ஓட்டுகிறான். நான் ஒன்பதாவதோடு நின்றவள். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல் என்றால் தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பொத்துவதுபோல் ஆகிவிடும். வெளி ஆள் முன்னால் இன்றும் அப்படித்தான். எனக்கும் சேர்த்து அண்ணன்தான் பேசுவான். “இவளுக்கு வாய் நான்தான், வாடகைகூட தர்றதில்ல” என்று கேலி செய்வான்.

ஒரு வேலையில் மட்டும் என் கை பேசும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. தெருவில் தொடங்கிக் கொல்லையில் முடியும். தினமும் சாயங்காலம் அண்ணன் வேனைப் பின்பக்கமாகவே அதற்குள் ஓட்டி வந்து நிறுத்துவான். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். சந்து முடிகிற இடத்தில் நின்று நான் கை காட்டுவேன். வா… வா… கொஞ்சம் இடது… போதும். அவன் கண்ணாடியில் என் கையை மட்டும்தான் பார்ப்பான்.

“மூஞ்சியப் பார்த்தா செவுத்துல விட்டுடுவேன்” என்பான்.

இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த மூன்றாம் மாதத்திலிருந்தே குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் எதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. போன மாதம் கழிவறையும் அப்படியே. பழைய செப்டிக் டேங்க் தூர்ந்துவிட்டது, புதுக் குழி தோண்டி சிமெண்ட் உறை இறக்கினால்தான் சரியாகும் என்று குழாய் வேலைக்காரர் சொல்லிவிட்டார். அத்தோடு கொல்லை முழுவதையும் மட்டப்படுத்தி, மழைத்தண்ணீர் போக ஒரு வாய்க்காலும் வெட்டிவிடலாம் என்று அம்மா சொன்னாள்.

மண் தோண்டும் ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். முதல் ஆள் சந்தை அளந்துவிட்டு, என் வண்டி நுழையாது என்று போய்விட்டார். இரண்டாவது ஆள் வயதானவர். சந்து முடிகிற இடம் வரை வந்தார். அங்கே தரையைச் செருப்புக் காலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அம்மா தேநீர் எடுத்து வருவதற்குள், “வேற ஆளைப் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. பெரிய வேலையாகப் பார்ப்பவர் போலிருக்கிறது என்று அண்ணன் சொன்னான்.

மூன்றாவது ஆள்தான் எங்கள் காண்ட்ராக்டர். நல்ல கனத்த உடம்பு, வாயாடி, வேலையில் சுத்தம். சின்ன பொக்லைன் இருக்கிறது, சந்துக்குள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, “பாப்பா பேசாதா?” என்று கேட்டார். பேசாது என்று அண்ணன் சொன்னதும், “ரெண்டு நாளைக்கு என் வீட்டுக்கு அனுப்பு தம்பி. என் வீட்டுக்காரி பார்த்துக் கத்துக்கட்டும்” என்றார். அம்மாவே சிரித்துவிட்டாள். அப்படித்தான் வேலை அவருக்குப் போனது.

புதன்கிழமை சாயங்காலம் நாலு நாற்பதுக்கு அவர் சுண்ணாம்புத் தூளோடு வந்தார். துணிக்கொடி கட்டியிருக்கும் கம்பத்திலிருந்து ஏழடி தள்ளி, வேலிப் பக்கமாக, ஆறுக்கு ஆறு சதுரம் ஒன்று போட்டார். கோடு கொஞ்சம் கோணல்தான். ஒரு மூலையில் சுண்ணாம்பு கொட்டிப் பரவியிருந்தது. “படம் வரையவா வந்தேன், குழி தோண்டத்தானே வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடுப்படி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறு பத்து. பால் அடுப்பில் இருந்தது. ஜன்னலைத் திறந்தேன்.

சதுரம் அங்கே இல்லை.

கம்பத்துப் பக்கம் புல் பச்சையாக இருந்தது. நுனியில்கூட வெள்ளை இல்லை. சதுரம் இப்போது சந்து முடிகிற இடத்துக்கு நேரே இருந்தது. நான் தினமும் நின்று கை காட்டுவேனே, அதற்கு இரண்டடி பின்னால். அதே ஆறுக்கு ஆறு. ஆனால் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. நாலு மூலையிலும் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. தொழில் தெரிந்த கை போட்டது.

அண்ணனை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். “காண்ட்ராக்டர் விடியக்காலையில வந்து மாத்தியிருப்பார். அவருக்குத் தெரியாததா” என்றான்.

ஏழே முக்காலுக்குக் காண்ட்ராக்டர் வந்தார். கோட்டைப் பார்த்தார். இடம் மாறியிருந்ததைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நல்லதுதான் தம்பி. வண்டி வந்து நிக்க இதுதான் தோது” என்றார். அண்ணன், அவர் தன் யோசனையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவனும் தலையை ஆட்டினான்.

இவர் செய்தார் என்று அவன். அவன் செய்தான் என்று இவர்.

எங்கள் வீட்டில் சுண்ணாம்புத் தூளே கிடையாது என்பது எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தெருக் கதவு பூட்டியிருந்ததும் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். வாயைக்கூடத் திறந்தேன். கொல்லையில் காண்ட்ராக்டர், ஒரு மண்வெட்டி ஆள், அப்போதுதான் உள்ளே வந்த ஆபரேட்டர் என்று வெளி ஆட்கள் மூன்று பேர்.

தொண்டை அடைத்துக்கொண்டது.

எட்டு ஐந்துக்கு இயந்திரம் கிளம்பியது.

ஆபரேட்டர் ஐம்பது வயதுக்கு மேல் இருப்பார். ஒல்லி. ஏறி உட்கார்ந்தால் வாயைத் திறக்கமாட்டார். அந்தச் சத்தத்தில் பேசியும் பயனில்லை. எல்லாம் கைதான். குழி ஓரத்தில் நின்று காண்ட்ராக்டர் காட்டுவார், இவர் செய்வார். விரலால் மேலே வட்டம் போட்டால் இஞ்சினைக் கிளப்பு. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் பக்கெட்டை இறக்கு. இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் குழிக்குள் ஆள் இல்லை. கையைத் தூக்கி மூடிப் பிடித்தால் நிறுத்து. ஒரு மணி நேரத்தில் எனக்கு எல்லாம் மனப்பாடம். எனக்குத் தெரிந்த பாஷை ஆயிற்றே.

ஒன்று மட்டும் ஆபரேட்டர் என் அண்ணனிடம் வேலைக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார். “மத்த சைகையெல்லாம் ஒரு ஆள்தான் காட்டணும். நிறுத்துன்னு மட்டும் யார் வேணா காட்டலாம். சின்னப் பிள்ளை காட்டினாலும் நிறுத்திடுவேன். அப்புறம்தான் ஏன்னு கேப்பேன்.”

ஒன்பது பத்துக்கு மண்ணின் நிறம் மாறியது. தோண்டாத மண் என்றால் அடுக்கடுக்காக இருக்குமாம். இது செம்மண், கருமண், செங்கல் துண்டு எல்லாம் கலந்து வந்தது. “ஏற்கெனவே யாரோ தோண்டி மூடின இடம்க்கா. வெண்ணெய் மாதிரி வருது. நமக்கு அரை நாள் மிச்சம்” என்று காண்ட்ராக்டர் அம்மாவிடம் குரல் கொடுத்தார்.

எங்கள் சதுரம் அந்தப் பழைய குழியின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது. ஒரு விரல்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை.

ஒன்பது ஐம்பது. ஒரு அடி ஆழத்தில் பக்கெட் எதிலோ உரசியது. க்ரீச்…

இரும்பு. இரண்டு கம்பிகள். ஒன்றரை அடி இடைவெளியில் மண்ணுக்குள்ளிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மண்வெட்டி ஆள் சுற்றிலும் தள்ளிப் பார்த்தார். நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. அதற்குக் கீழே இன்னொன்று.

ஏணி.

படுத்துக் கிடக்கவில்லை. குழிச் சுவரில் சாய்ந்தபடி நேராக நின்றது.

ஆபரேட்டர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். “குழிய மூடுறவன் ஏணிய உருவிட்டுத்தான் மூடுவான்” என்றார்.

“மறந்திருப்பான்யா” என்றார் காண்ட்ராக்டர். “நான் ஒரு தடவ கடப்பாறையையே உள்ள போட்டு மூடிட்டு, ஊரெல்லாம் திருடனைத் தேடினேன். இருக்கட்டும் விடு. இறங்கி ஏற நமக்கே ஆகும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களிடம் அவ்வளவு நீள ஏணி கிடையாது. அதை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மற்றப் பக்கங்களைத் தோண்டினார்கள். பன்னிரண்டரைக்குக் குழி பத்தடியைத் தாண்டியது. ஏணியின் அடிப்பக்கம் தெரிந்தது.

நான் அம்மாவோடு ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். ஏணி முழுக்கத் துரு, செதில் செதிலாக. ஆனால் கீழே இருந்து மூன்று படிகள் மட்டும் பளபளவென்று இருந்தன. தினமும் கால் பட்டுத் தேய்கிற இரும்பு எப்படி மினுங்கும், அப்படி.

அம்மாவும் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் காண்ட்ராக்டர் உறை எடுத்து வர மண்வெட்டி ஆளையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணிக்கு அம்மா, தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரப் போனாள். ஆபரேட்டர் மதில் நிழலில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ முன்பக்கக் குழாய்க்குப் போனார். ஒன்று பதினைந்துக்கு அண்ணனின் போன் அடித்தது. காண்ட்ராக்டர்தான். எத்தனை உறை ஏற்றுவது என்று தெரியவேண்டும், சரியாக எத்தனை அடி என்று அளந்து சொல்லச் சொன்னார்.

அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த ஏணியில் இறங்கினான். ஒன்று பதினாறு.

நான் அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்று இருபதுக்கு ஆபரேட்டர் கையை உதறிக்கொண்டே வந்து இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். குழிக்கும் அவருக்கும் நடுவில் மண் மலைபோல் குவிந்து கிடந்தது. அவர் இருக்கையிலிருந்து குழியின் அடி தெரியாது. எதிர் ஓரத்தில் நிற்கிற ஆள் மட்டும்தான் தெரியும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்து முடிகிற இடத்தைப் பார்த்தார்.

தலையை ஆட்டினார்.

டுர்ர்ர்ர்…

ஒன்று இருபத்திரண்டு.

காண்ட்ராக்டர் வந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தி எட்டிப் பார்த்தேன்.

அங்கே யாரும் இல்லை.

சந்து காலியாக இருந்தது. தெரு வரை தெரிந்தது. வெயில் மட்டும்.

ஆபரேட்டர் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. இயந்திரத்தின் கை மேலே எழுந்தது. வலது பக்கம் திரும்பியது. நின்றது. அவர் மறுபடியும் பார்த்தார். தலையை ஆட்டினார். கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். நின்றது.

நான் கை காட்டும்போது அண்ணன் வேனை நகர்த்துவான் பாருங்கள்… அதே மாதிரி.

குழியின் எதிர் ஓரத்திலிருந்து மண் சரிந்தது. சர்ர்… ஒரு கைப்பிடி. யாரோ கால் மாற்றி நின்றதுபோல்.

பக்கெட் இறங்க ஆரம்பித்தது.

அண்ணன் உள்ளே இருக்கிறான்.

தட்டைப் போட்டேன். பின்கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் சிக்கியது. இழுத்தேன். மறுபடி இழுத்தேன். திறந்துகொண்டது.

கத்தினேன் என்றுதான் நினைத்தேன்.

சத்தம் வரவில்லை.

பக்கெட் குழியின் வாய்க்குள் போய்விட்டது. ஒரு அடி. இரண்டு அடி.

இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். மூடிப் பிடித்தேன்.

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் பார்த்தார்.

என்னைப் பார்த்தார்.

அந்தப் பக்கம்…

பக்கெட் நின்றது.

இஞ்சின் அணைந்தது. ஒன்று இருபத்துநான்கு.

அப்போதுதான் குழிக்குள்ளிருந்து அண்ணன் கத்துவது கேட்டது. எவ்வளவு நேரமாகக் கத்தினானோ. அவன் ஏணியில் ஏறி வந்தான். தலை, தோள் எல்லாம் மண். பக்கெட் அவன் உச்சந்தலைக்கு மேல் இரண்டு முழத்தில் நின்றிருந்தது. மேலே வந்து தரையில் உட்கார்ந்தான்.

ஆபரேட்டர் இறங்கி வந்தார். அண்ணனைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

“உள்ள ஆள் இல்லன்னு காட்டினாரே” என்றார்.

“யாரு?” அண்ணன் கேட்டான்.

“அங்க நின்னாரே… அவரு.”

“எவரு?”

“கையத்தான் பார்த்தேன் தம்பி. மூஞ்சியப் பார்க்கல. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாரு. ஆள் இல்ல, இறக்குன்னு. தொழில் தெரிஞ்ச கை…”



டக்.

ஏணியிலிருந்து வந்தது.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆபரேட்டர் எதிரே நிற்கிறார். குழிக்குள் யாரும் இல்லை.

டக்…

அடியிலிருந்து. இரும்புப் படியில் கால் வைக்கிற சத்தம். அவசரமே இல்லை.

டக்…

ஏணியின் மேல்முனை லேசாக ஆடியது.

டக்…

டக்…

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டக்…

டக்…

ஏழு.

அத்தோடு நின்றுவிட்டது.

காண்ட்ராக்டர் இரண்டு பத்துக்கு உறைகளோடு வந்தபோது நாங்கள் மூவரும் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். ஆபரேட்டர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“இங்க தோண்டச் சொன்னது யாரு?” ஆபரேட்டர் கேட்டார்.

“தம்பிதான் கோட்டை மாத்திப் போட்டாரு” என்றார் காண்ட்ராக்டர்.

“நீங்கதானேண்ணா மாத்தினீங்க” என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் குழி வேண்டாம், மூடிவிட்டுப் பழைய இடத்திலேயே தோண்டுங்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டான். காண்ட்ராக்டரும் மறுக்கவில்லை. ஏணியில் சங்கிலி போட்டு இயந்திரத்தால் உருவினார்கள். அதைக் கண்டாலே ஆகவில்லை அண்ணனுக்கு. மதில் ஓரமாகப் புல்லில் படுக்கப்போட்டார்கள். பிறகு அதே மண்ணை அள்ளிக் குழியை மூடினார்கள். நாலரைக்குள் முடிந்துவிட்டது.

படுத்துக் கிடந்த ஏணியின் படிகளை எண்ணினேன். மொத்தம் பதினொன்று.

யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளில் கம்பத்துப் பக்கம் புதுக் குழி தோண்டி, உறை இறக்கி, மூடி போட்டு முடித்தார்கள். அங்கே எந்தக் கோளாறும் இல்லை. வேறு ஆபரேட்டர் வந்திருந்தார். பழையவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வந்தார். இயந்திரம் இல்லாமல், சலவைச் சட்டையில். அம்மா உட்காரச் சொன்னாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

தொழிலில் பழைய ஆட்களிடம் விசாரித்திருக்கிறார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எங்களுக்கு விற்றவர்களுக்கும் முந்தி இருந்தவர்கள் காலத்தில், இதே இடத்தில் ஒரு குழி தோண்டினார்களாம். அப்போது ஓரத்தில் நின்று சைகை காட்டிய ஆள், அடி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஏணியில் இறங்கியிருக்கிறார். அவர் உள்ளே இருக்கும்போதே பக்கெட் இறங்கிவிட்டது. பக்கச் சுவர் சரிந்து மூடிக்கொண்டது. நாலு நாள் தோண்டினார்களாம். குழியின் அடியைத் தாண்டியும் போய்ப் பார்த்தார்களாம். ஆளும் கிடைக்கவில்லை, செருப்பும் கிடைக்கவில்லை. ஏணி மட்டும் கிடைத்தது. மழை வந்துவிட்டதால் மூடித்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

“அந்த ஆளோட சம்சாரம் ஏணியப் பிடிச்சுக்கிட்டு விடலையாம்மா” என்றார் ஆபரேட்டர். “திரும்ப உள்ள நிறுத்தி வைங்க, எடுக்காதீங்க, அவரு ஏறி வரணும்னாங்களாம். அதனால ஏணியோட மூடினாங்க.”

வேண்டாமென்று போனாரே, அந்த இரண்டாவது காண்ட்ராக்டர், அவர்தான் அன்றைக்கு அந்தக் குழியை மூடியவராம்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப அன்னிக்குக் கை காட்டினது… அந்தப் பாவப்பட்ட மனுசனா?”



“அப்படித்தாம்மா நானும் நெனச்சேன். அப்ப வண்டி ஓட்டினவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அன்னிக்கோட வண்டி ஓட்டுறதையே விட்டுட்டாரு, இப்ப காவல் வேலை பார்க்கிறாரு. சைகை காட்டுற ஆளே குழிக்குள்ள இருக்கும்போது எப்படிண்ணே இறக்கினீங்கன்னு கேட்டேன்.”

நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“மேல ஒரு கை காட்டிச்சுங்கிறாரு. ஆள் இல்ல, இறக்குன்னு.”



கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றார். என்னைத்தான் பார்த்தார். “பாப்பா, நீ அன்னிக்கு எண்ணினியே, உதடு அசைஞ்சதைப் பார்த்தேன். எத்தனை?”

எனக்கே ஆச்சரியம். வெளி ஆளிடம் என் வாய் திறந்தது.

“ஏழு.”

“ஏணிக்கு மொத்தம்?”

“பதினொண்ணு.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறு பத்து.

அண்ணன் ஏணியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றான். அவர் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை. அம்மா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். மணியைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் பார்த்தேன்.

ஒன்று இருபத்திரண்டு.

மதில் ஓரத்திலிருந்து வந்தது. புல்லில் படுத்துக் கிடக்கிற ஏணியிலிருந்து.

டக்…

டக்…

டக்…

டக்.

நாலு.

அப்புறம் சத்தமில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குத் தலைவலி. நான் உள்ளறையில் அவளுக்கு நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அண்ணன் வேன் வந்த சத்தம் கேட்டும் எழுந்து போகவில்லை. சந்துக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. ஆறு நாற்பதுக்கு உள்ளே வந்தான். சாவியை ஆணியில் மாட்டினான்.

“என்ன, இன்னிக்கு விளையாட்டா உனக்கு?” என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வழக்கமா நிக்கிற இடம் தாண்டியும் வா வான்னு காட்டிட்டே இருக்க. பின் சக்கரம் அந்தப் புது மண்ணுல இறங்கப் பார்த்துச்சு. நானா பிரேக் போட்டேன். அப்பவும் கைய இறக்கல நீ. வா… வான்னு…”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை விட்டு நகரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த முறை தொண்டை அடைக்கவில்லை.

“அது நான் இல்லண்ணா” என்றேன்.

இப்போது தினமும் ஆறு மணிக்கே சந்து முடிகிற இடத்துக்குப் போய் நின்றுவிடுகிறேன். மழை பெய்தாலும் போகிறேன். அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கண்ணாடியில் ரெண்டு பேர் கை தெரிஞ்சா, நின்னுடு.